பெரிய திரை வாங்கும் முன்: ரியர் புரொஜெக்‌ஷன் டிவியா, எல்இடியா, புரொஜெக்டரா?

65 அங்குலத்துக்கு மேல் ஒரு திரை வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டால், கோவை கிராஸ்கட் ரோட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பு ஒரு டேப்பை எடுத்து ஆசாரத்தை (கூடத்தை) அளந்துவிடுங்கள். எந்த டிவி நல்லது என்பதை உங்கள் அறையின் வெளிச்சமும், உட்காரும் தூரமும், தூசியும், கரண்டும்தான் பெருமளவு முடிவு செய்கின்றன. பழைய ரியர் புரொஜெக்‌ஷன் பெட்டி (உள்ளே இருக்கும் புரொஜெக்டர் திரையின் பின்பக்கம் படத்தை அடிக்கும் டிவி) ஒன்று தெரிந்தவர் வீட்டிலிருந்து குறைந்த விலைக்கு வருகிறது என்றாலும் கணக்கு இதேதான்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். உட்காரும் இடத்துக்கும் திரை வரப்போகும் சுவருக்கும் எத்தனை அடி என்று அளந்து, அதை ஏழரையால் பெருக்குங்கள். வருவது வசதியான திரை அளவு, அங்குலத்தில். பத்தால் பெருக்கினால் வருவது அதிகபட்ச அளவு. அதைத் தாண்டினால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். 8 அடி என்றால் 60 முதல் 80, ஆக 65 அல்லது 75 அங்குலம். 11 அடி என்றால் 82 முதல் 110, ஆக 85 தாராளமாக வைக்கலாம். 14 அடிக்கு மேல் தூரம் இருக்கும் கூடங்களில்தான் 100 அங்குலத்தையும் அதற்கு மேலும் யோசிப்பதில் பொருள் உண்டு. வீட்டில் பெரும்பாலும் ஓடுவது சாதாரண எஸ்டி (தெளிவு குறைந்த) கேபிள் சேனல் என்றால் ஏழரைக் கணக்கோடு நின்றுகொள்ளுங்கள். எஸ்டி படத்தை 85 அங்குலத்துக்கு இழுத்தால் முகங்கள் மெழுகு பூசினாற்போலத் தெரியும். அது டிவியின் குறை அல்ல.

அடுத்தது வெளிச்சம். திரை வரும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். பகல் 11 மணிக்கு ஜன்னலெல்லாம் திறந்திருக்கும்போதும், இரவு 7 மணிக்கு டியூப்லைட் எரியும்போதும் அதைப் பாருங்கள். அந்தத் தாள் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறதோ, வெள்ளைத் திரையில் அடிக்கும் புரொஜெக்டர் அந்த நேரத்தில் காட்டக்கூடிய ‘கறுப்பு’ அவ்வளவுதான். புரொஜெக்டரால் வெளிச்சத்தைச் சேர்க்க முடியும், எடுக்க முடியாது. தொட்டிக்கட்டு வீட்டில் நடுவாசலிலிருந்து வெளிச்சம் கொட்டும் ஆசாரத்தில் பகலில் புரொஜெக்டர் எடுபடாது, அது எத்தனை விலை கொடுத்து வாங்கியதானாலும் சரி.

மூன்றாவது, வீட்டுக்குள் வரும் வழி. 85 அங்குல டிவியின் திரை மட்டும் 188 செ.மீ. அகலம், 106 செ.மீ. உயரம். அட்டைப்பெட்டியோடு 2 மீட்டரைத் தாண்டும். படுக்க வைத்துத் தூக்கக் கூடாது, நிமிர்த்தித்தான் கொண்டுவர வேண்டும். 98 அங்குலத் திரை 217 செ.மீ. அடுக்குமாடி லிஃப்டில் இது நுழையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி திரும்பும் இடத்தில் இரண்டு சுவருக்கும் இடையே உள்ள அகலத்தையும், அங்கே தலைக்கு மேல் உள்ள உயரத்தையும் அளந்து, கடைக்காரரிடம் பெட்டியின் மூன்று அளவுகளையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். பணம் கட்டிய பிறகு இதை அளப்பவர்கள்தான் அதிகம்.

ரியர் புரொஜெக்‌ஷன் பெட்டி: உள்ளே என்ன இருக்கிறது

இது டிவி வடிவத்தில் உள்ள புரொஜெக்டர். கீழே படத்தை உண்டாக்கும் இயந்திரம், பின்னால் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி, முன்னால் திரை. படம் கண்ணாடியில் பட்டுத் திரையின் முதுகில் விழுகிறது, நாம் முன்பக்கம் பார்க்கிறோம். திரையில் நுணுக்கமான வரிகளும் கறுப்புக் கோடுகளும் இருப்பதால் அறை வெளிச்சத்தை ஓரளவு விழுங்கிக்கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்தில் வெள்ளைத் திரை புரொஜெக்டரைவிட விளக்கெரியும் அறையில் இது நன்றாக இருந்தது. பிளாஸ்மா டிவி யானை விலை விற்ற நாட்களில் 50, 60 அங்குலப் படத்தை நடுத்தர வீட்டுக்குக் கொண்டுவந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. எல்சிடி விலை இறங்க இறங்க அந்த நியாயம் கரைந்தது. சோனி இதைக் கைவிடுவதாக 2007 டிசம்பரில் அறிவித்தது. கடைசி வரை நின்ற மிட்சுபிஷி 2012 டிசம்பரில் நிறுத்தியது. ஆகவே இன்று உங்களுக்குக் கிடைப்பது எதுவானாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பழைய பெட்டி.

வகை மூன்று. முதலாவது சிஆர்டி: சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்னப் படக்குழாய்கள். ஆழம் இரண்டடி, எடை நான்கு பேர் தூக்கும் அளவு. இரண்டாவது எல்சிடி அல்லது எல்காஸ்: ஒரு விளக்கு, மூன்று சின்னப் பேனல்கள். மூன்றாவது டிஎல்பி: லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் உள்ள ஒரு சிப், அதன் வழியில் வேகமாகச் சுழலும் ஒரு நிறச் சக்கரம், ஒரு விளக்கு. பின்னிரண்டும் ஒல்லியானவை, ஒன்றிரண்டு பேர் தூக்கிவிடலாம்.

எது எப்படிக் கெடும் என்பது வகைக்கு வகை வேறு. வாங்கப் போகும்போது ஒரு லேப்டாப்பும் எச்டிஎம்ஐ கேபிளும் எடுத்துப் போங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சாம்பல், கட்டம் போட்ட படம் என்று நான்கு படங்களை அதில் வைத்துக்கொண்டால் போதும்.

பெட்டியை நீங்கள் போன பிறகுதான் ஆன் செய்யச் சொல்ல வேண்டும். குளிர்ந்த நிலையில் தொடங்கும்போதுதான் டிஎல்பியின் நிறச் சக்கரம் தன் நிலையைச் சொல்லும். கீச்சென்றோ கரகரவென்றோ சத்தம் வந்து, ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கினால் பேரிங் தேய்ந்துவிட்டது. சில மாதம் ஓடும், பிறகு ஒரு நாள் சக்கரம் சுழலாமல் விளக்கே பற்றாது. அடுத்து முழுக் கறுப்புப் படத்தைப் போட்டு அறை விளக்கை அணையுங்கள். உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் சிப்பில் நுண்கண்ணாடிகள் சிக்கிக்கொண்டுவிட்டன. இன்று பத்துப் புள்ளி என்றால் அது பெருகுமே தவிரக் குறையாது. சிப்பை மாற்றுவதுதான் வழி. முழு வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தாலும் இதே நோய்தான்.

எல்சிடி வகையில் முழு வெள்ளையும் சாம்பலும் முக்கியம். மஞ்சளாகவோ நீலமாகவோ மேகம் போலக் கறை தெரிந்தால், விளக்கின் சூட்டில் உள்ளே போலரைசரோ (ஒளியை வடிகட்டும் தகடு) பேனலோ கருகியிருக்கிறது. இதைத் துடைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஒளிப்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும், அதற்குப் பெட்டியை விட்டுவிடலாம்.

சிஆர்டியில் கட்டப் படம் போடுங்கள். வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிரிந்து தெரிந்தால் மூன்று குழாயின் படமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை. கொஞ்சம் பிரிந்தால் மெனுவில் கன்வர்ஜென்ஸ் சரிசெய்யலாம். கோடுகள் வில்லாக வளைந்து, ஒரு நிறம் மட்டும் எங்கோ நின்றால் கன்வர்ஜென்ஸ் ஐசி போய்விட்டது. கை தேர்ந்த மெக்கானிக் சால்டரிங் செய்து மாற்றித் தருவார், கூடவே அதை ஒட்டிய சின்ன ரெசிஸ்டர்களையும் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள், அவையும் சேர்ந்தே போயிருக்கும். பிறகு முழு வெள்ளையில் திரையின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். செய்தி சேனலின் ஓடும் எழுத்துப் பட்டையும் மூலையில் லோகோவும் நிழலாகத் தங்கியிருந்தால் குழாய் அரித்துவிட்டது. குழாய்க்கும் லென்ஸுக்கும் நடுவே சூட்டைத் தணிக்க ஒரு திரவம் இருக்கும். அது கலங்கினால் படம் மங்கும், கசிந்தால் கீழே உள்ள போர்டில் சொட்டும். பின்பக்க மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். இந்தக் குழாய்களின் பின்னால் ஏறும் வோல்டேஜ் உயிருக்கு ஆபத்தானது. பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் உள்ளே கை வைக்கக் கூடாது, கண்ணால் மட்டும் பாருங்கள்.

எந்த வகையானாலும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். விளக்கைப் பற்றவைக்கும் பேலஸ்ட் போர்டின் கோளாறு சூடேறிய பிறகுதான் வெளிப்படும்: படம் மினுக்கும், அல்லது விளக்கு அணைந்து முன்பக்க லைட் மட்டும் சிமிட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் சோபாவில் உட்கார்ந்து பாருங்கள், பாயில் உட்கார்ந்து பாருங்கள், எழுந்து நின்றும் பாருங்கள். ரியர் புரொஜெக்‌ஷன் திரையில் மேலும் கீழும் பார்வைக் கோணம் குறுகல். பாட்டி கட்டிலில், பிள்ளைகள் தரையில், ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்தால் இரண்டு பேர் கதவோரம் நின்றபடி என்று பார்க்கும் வீட்டில், தரையில் இருப்பவருக்குப் படம் இருட்டாகத் தெரியும்.

விளக்கைப் பற்றி ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டியின் விலையைப் பேசுவதற்கு முன் விளக்கின் பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு, அது இன்னும் விற்பனைக்கு இருக்கிறதா, என்ன விலை என்று பாருங்கள். பெட்டி சும்மா கிடைத்தாலும் விளக்கின் விலைதான் அதன் உண்மையான விலை. இவை பாதரச ஆவி விளக்குகள். சில ஆயிரம் மணி நேரம் ஓடும், ஓட ஓட வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். முதலில் இருந்த வெளிச்சத்தில் பாதி வரும்போது கண் பழகிவிட்டிருப்பதால் வீட்டுக்காரருக்கே தெரியாது.

மாற்றும் முறை இது. டிவியை அணைத்து, விசிறி நின்ற பிறகு பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். விளக்கு மூடியின் ஸ்குரூவைக் கழற்றி, கைப்பிடியைப் பிடித்து நேராக வெளியே இழுங்கள். புதியதன் கண்ணாடியில் விரல் படக் கூடாது, பட்டால் ஸ்பிரிட் தோய்த்த சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் சூடு கூடி விளக்கு வெடிக்கும். உள்ளே தள்ளி ஸ்குரூவை முடுக்கி, மூடியைச் சரியாகப் பொருத்துங்கள். மூடியில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது, அது அழுந்தாவிட்டால் டிவி ஆன் ஆகாது. ‘புது விளக்கு போட்டும் எரியவில்லை’ என்ற புகாரில் நிறைய இந்த மூடிதான். கடைசியாக மெனுவில் விளக்கு மணியை ஜீரோ ஆக்குங்கள். பழைய விளக்கு உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து, அரை மணி நேரம் அந்த அறையை விட்டு வெளியே இருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால் பின்னால் உள்ள லேபிளைப் படியுங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அமெரிக்கச் சந்தைக்குச் செய்தது. நேராக நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியே பவர் சப்ளை போய்விடும். குறைந்தது 500 விஏ ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதோடு முடியவில்லை. நம் செட்டாப் பாக்ஸ் 50 ஹெர்ட்ஸ் படம் அனுப்பும். பல அமெரிக்கப் பெட்டிகள் அதை ஏற்காமல் திரையை வெறுமையாகக் காட்டும். உங்கள் செட்டாப் பாக்ஸையே எடுத்துப் போய்ச் செருகிப் பார்த்துவிடுவது நல்லது.

கண்ணாடி அழுக்காகியிருந்தால் கவனம் தேவை. வீட்டுக் கண்ணாடிக்குப் பின்பக்கம் பூச்சு. இதற்கு முன்பக்கமே பூச்சு. வேட்டித் துணியால் ஒரு தேய் தேய்த்தால் கீறல் நிரந்தரம். காற்றடித்துத் தூசியை விரட்டி, மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். வால்பாறை மாதிரி ஈரம் பிடித்த ஊரில் இருந்த பெட்டி என்றால் லென்ஸில் பூஞ்சணம் பார்க்கவும். தோட்டத்துச் சாளையில் கிடந்த பெட்டி என்றால் உள்ளே எலி வயரைக் கடித்திருக்கும், குளவி கூடு கட்டியிருக்கும். அந்த வெற்று இடம் அவற்றுக்குத் தோதானது.

இத்தனை சோதனையும் தேறி, விளக்கும் கிடைத்து, இருட்டான அறையும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துத் தேடிப் போய் வாங்காதீர்கள். இன்றைய சாதாரண 55 அங்குல எல்இடி டிவி பகல் வெளிச்சத்தில் இதைவிடத் தெளிவாக, பாதி கரண்டில் ஓடும்.

எல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி

பெரும்பாலான வீடுகளுக்கு விடை இதுதான் என்பதால் நீட்ட வேண்டியதில்லை. வெளிச்சமான கூடத்துக்கு 65 முதல் 85 அங்குல எல்இடி. கூடுதல் பணம் இருந்தால், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் லோக்கல் டிம்மிங் உள்ள மினி எல்இடி. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது 18 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டியது பேனல் வகை. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் பக்கவாட்டில் நிறம் நிற்கும், இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். கூடத்தின் மூன்று பக்கமும் ஆட்கள் உட்காரும் வீடு என்றால் ஐபிஎஸ் பக்கம் போகலாம்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி, இருட்டறையில் சினிமா பார்ப்பவருக்கு மிக நல்ல படம் தரும். ஆனால் காலை முதல் இரவு வரை ஒரே செய்தி சேனலோ பங்குச்சந்தை எண்களோ ஓடும் வீட்டிலும், கடையிலும், மில் ஓய்வறையிலும் அதை மாட்ட வேண்டாம். அசையாமல் நிற்கும் பட்டையும் லோகோவும் பேனலில் தங்கிவிடும். பெரும்பாலான வாரண்டி இதற்குப் பொறுப்பேற்காது.

மாட்டுவதில் சுவரைப் பாருங்கள். 85 அங்குலம் 40 கிலோவைத் தாண்டும். ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்), பழைய மண்சுவர் இவற்றில் பிராக்கெட்டோடு வரும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. ஹாலோ பிளாக்குக்கு மறுபக்கம் வரை போகும் போல்ட்டும் அகலமான வாஷரும் போடுங்கள். ஏஏசிக்கு அதற்கென்றே உள்ள ஆங்கர் கிடைக்கிறது. மண்சுவர் என்றால் மாட்டவே வேண்டாம், ஸ்டாண்டில் நிறுத்துங்கள். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 105 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஷோகேஸுக்கு மேலே ஏற்றி மாட்டுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. ஒரு படம் முழுக்க அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும்.

புரொஜெக்டரும் லேசர் யுஎஸ்டியும்

100 அங்குலத்துக்கு மேல், இரவில் மட்டும், விளக்கை அணைத்துப் பார்ப்பேன் என்பவருக்கு இன்றைக்கும் புரொஜெக்டருக்கு ஈடில்லை. கணக்கு ஆன்சி லுமெனில் (பொதுவான தரமுறைப்படி அளந்த வெளிச்சம்) போட வேண்டும். 100 அங்குலத் திரையின் பரப்பு கிட்டத்தட்ட 30 சதுர அடி. இருட்டறையில் தியேட்டர் அளவு வெளிச்சத்துக்கு 500 லுமென் கண்ணுக்கு வந்து சேர்ந்தால் போதும், ஒரு விளக்கு எரியும் அறைக்கு 1500 வேண்டும். 120 அங்குலத்துக்கு இதையே சுமார் ஒன்றரை மடங்காக்குங்கள். சினிமா மோடில் வெளிச்சம் குறையும், விளக்கும் காலப்போக்கில் மங்கும். ஆகவே 2000 முதல் 2500 ஆன்சி லுமென் என்று வாங்கினால் நிம்மதி. ‘9000 லுமென்’ என்று அட்டையில் போட்டு மலிவாக விற்கும் சின்ன எல்இடி புரொஜெக்டர்களின் ஆன்சி அளவு சில நூறுதான் இருக்கும். அதேபோல ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ (மெஷின் உண்மையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை) என்ன என்று கேளுங்கள்.

நம் வீடுகளில் புரொஜெக்டருக்கு முதல் எதிரி சீலிங் ஃபேன். 100 அங்குலத் திரையின் அகலம் ஏழேகால் அடி. த்ரோ ரேஷியோ (திரை அகலத்தைப்போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்ற கணக்கு) 1.5 உள்ள புரொஜெக்டரை 11 அடி தள்ளி வைக்க வேண்டும். கூடத்தின் நடுவில் தொங்கும் ஃபேன் சரியாக ஒளியின் பாதையில் வந்து நிற்கும், இறக்கை வெட்டிப் படம் மினுக்கும். ஒன்று ஃபேனின் அடிமட்டத்துக்குக் கீழே குழாயில் இறக்கி மாட்டுங்கள், அல்லது 0.5 த்ரோ உள்ள ஷார்ட் த்ரோ வாங்கி மூன்றரை நாலடியில், ஃபேனுக்கு முன்னால் வையுங்கள். இரண்டாவது எதிரி காற்று. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் மாதங்களில், ஜன்னல் திறந்திருந்தால் மேலிருந்து இழுத்துவிடும் சாதாரணத் திரை பாய்மரம் போல ஆடும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரையோ, இரு ஓரமும் கயிறால் இழுபடும் டேப் டென்ஷன் திரையோதான் நம் பக்கத்துக்குப் பொருந்தும்.

மூன்றாவது, பஞ்சு. திருப்பூர், பல்லடம், சோமனூர், பவானி வட்டாரத்தில் நிட்டிங் மெஷினோ விசைத்தறியோ பக்கத்தில் ஓடினால், கண்ணுக்குத் தெரியாத பஞ்சு இழை ஃபில்டரில் ஒரு கம்பளிபோலப் படியும். காற்று அடைபட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் புரொஜெக்டர் தானே அணையும், விளக்கின் ஆயுள் குறையும். கையேடு எத்தனை மணிக்கு ஒருமுறை சொன்னாலும் இங்கே 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றி வெளியே எடுத்துத்தான் தட்டவோ ஊதவோ வேண்டும். மெஷினில் இருக்கும்போதே புளோயரால் ஊதினால் பஞ்சு உள்ளே போய் உட்காரும். மூன்று எல்சிடி பேனல் உள்ள 3எல்சிடி வகையில் பேனல் மேல் ஒரு இழை படிந்தால் திரையில் பச்சையோ நீலமோ கலங்கலான பொட்டு நிற்கும். தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டுக்கு ஒளிப்பாகம் மூடி அடைக்கப்பட்ட லேசர் டிஎல்பியே மேல்.

சுவரை ஒட்டி வைக்கும் யுஎஸ்டி லேசர் புரொஜெக்டர், ஃபேன் தொல்லையைத் தீர்க்கும். திரையிலிருந்து ஒரு அடிக்கும் குறைவான தூரத்தில் ஸ்டாண்டில் வைத்தாலே 100 அங்குலம் வரும். ஆனால் ஒளி அடியிலிருந்து சாய்வாக உரசிக்கொண்டு போவதால், பூச்சுச் சுவரின் சின்ன மேடு பள்ளம் கூடப் படத்தில் அலையாகத் தெரியும். ஆகவே சுவரில் அடிக்காதீர்கள். மேலிருந்து வரும் விளக்கொளியைத் தள்ளும் ஏஎல்ஆர் திரையை, யுஎஸ்டிக்கென்று எழுதியதைப் பார்த்து, சேர்த்தே வாங்குங்கள். சாதாரணப் புரொஜெக்டருக்கான ஏஎல்ஆர் திரை இதற்கு ஆகாது, படமே இருண்டுவிடும். மெஷினை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலும் மூலை கோணும் என்பதால், பெருக்கும்போது இடிபடாத கனமான ஸ்டாண்டாக இருக்க வேண்டும். லென்ஸின் மேல் குனிந்து குழந்தைகள் எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், லேசர் கண்ணைப் பாதிக்கும். திரையோடு சேர்த்து விலையைக் கூட்டினால் 98 அங்குல எல்இடி டிவிக்குக் கிட்டத்தில் வந்துவிடும். வழியில் நுழைந்தால் டிவி, நுழையாவிட்டால் யுஎஸ்டி என்பது எங்கள் தீர்ப்பு. திரையைச் சுருட்டியோ பிரித்தோ மாடிக்கு ஏற்றிவிடலாம்.

புது வீடு கட்டுபவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே திரை வரும் இடத்திலிருந்து புரொஜெக்டர் வரும் இடத்துக்கு ஒன்றரை அங்குல பிவிசி குழாயைப் பதித்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் முக்கால் அங்குலக் குழாயில் எச்டிஎம்ஐ கேபிளின் தலை நுழையாது. முனைகளில் எல்போ வேண்டாம், நீள வளைவு போடச் சொல்லுங்கள். 10 மீட்டருக்கு மேல் போனால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ; அதற்கு ஒரு தலை செட்டாப் பாக்ஸ் பக்கம், மறு தலை டிஸ்ப்ளே பக்கம், அதாவது புரொஜெக்டர் பக்கம், என்று எழுதியிருக்கும். தலைமாற்றி இழுத்துவிட்டால் படம் வராது, மறுபடி முழுதாக உருவ வேண்டும்.

கரண்ட்

250 வாட் இழுக்கும் திரை ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஓடினால் ஒன்றேகால் யூனிட், இரண்டு மாதப் பில்லில் 75 யூனிட். இலவச யூனிட்டில் நல்ல பங்கை அதுவே தின்றுவிடும். 150 வாட் என்றால் 45 யூனிட். விளக்கு வைத்த ரியர் புரொஜெக்‌ஷனும் விளக்குப் புரொஜெக்டரும் முதல் வகையைச் சேர்ந்தவை, 65 அங்குல எல்இடி பெரும்பாலும் இரண்டாவது.

தோட்டத்து லைனில் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். டிவியின் பின் லேபிளில் 100-240 வோல்ட் என்றிருந்தால் அது தாங்கும், ஸ்டெபிலைசர் கட்டாயமில்லை. இடிக்கு மட்டும் எந்த டிவியும் தாங்காது. சித்திரை, ஐப்பசி இடி நாட்களில் பிளக்கோடு கேபிள் வயரையும் லேன் வயரையும் பிடுங்கிவிடுங்கள். சர்ஜ் (திடீரென்று பாயும் உயர் வோல்டேஜ்) அந்த வயர் வழியாகவும் வரும். விளக்குப் புரொஜெக்டருக்கு இன்வெர்ட்டர் அவசியம். கரண்ட் சட்டென்று போனால் விசிறியும் நின்று, கொதிக்கும் விளக்கு ஆற வழியில்லாமல் ஆயுள் குறையும். சைன்வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும்.

மண்டபத்தில் ரியர் புரொஜெக்‌ஷன்

வீட்டில் காலாவதியான இந்த முறை மேடையில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. கல்யாண மண்டபத்திலும் கோயில் நோம்பியிலும் முன்னாலிருந்து அடித்தால் மாலை மாற்றுபவர்களின் தலையும் போட்டோகிராபரின் நிழலும் திரையில் விழும். பின்னாலிருந்து அடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

10 அடி அகலத் திரைக்கு 1.2 த்ரோ உள்ள புரொஜெக்டர் என்றால் பின்னால் 12 அடி, மெஷினுக்கும் காற்றுக்கும் சேர்த்து 14 அடி இடம் வேண்டும். அவ்வளவு இருக்காது, 0.5 த்ரோ மெஷின் எடுத்தால் 5 அடியில் முடியும். மேடை விளக்குகளுக்கு நடுவே எடுபட 5000 லுமென் கேளுங்கள். வெள்ளை வேட்டித் துணியைக் கட்டினால் நடுவில் மெஷினின் லென்ஸ் சூரியன் மாதிரிப் பளிச்சென்று தெரியும். ரியர் புரொஜெக்‌ஷனுக்கென்றே விற்கும் சாம்பல் நிறத் திரையை வாடகைக்குக் கேட்டு வாங்குங்கள். திரைக்குப் பின்னால் வேறு விளக்கு எரியக் கூடாது, சமையல்கட்டுக் கதவு அந்தப் பக்கம் இருந்தால் படுதா கட்டுங்கள். மெனுவில் ‘ரியர்’ என்று மாற்ற மறந்தால் மணமக்கள் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழ் வரிசையில் வரும். விருந்தினர் வரும் முன் எழுத்துள்ள ஒரு படத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பகல் நிகழ்ச்சிக்கும் திறந்தவெளிக்கும் எல்இடி வால் (எல்இடி பலகைகளை அடுக்கிச் செய்த பெரிய திரைச் சுவர்) மட்டுமே தாங்கும். பி3 என்றால் புள்ளிகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி, 3 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் படம் சேர்ந்து தெரியும். 10 அடி அகலத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள்தான் என்பதால் பொடி எழுத்தைப் போடாதீர்கள். முழு வெள்ளை காட்டினால் பல கிலோவாட் இழுக்கும், ஜெனரேட்டரைக் கணக்கில் சேருங்கள். வீடியோ எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எல்இடி வாலைப் பின்னணியாக வைத்து எடுத்தால் கேமராவில் அலைக் கோடுகள் ஓடும், அவர் ஷட்டர் வேகத்தையும் நிற்கும் தூரத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். புரொஜெக்‌ஷன் திரையில் அந்த அலைக் கோடுகள் பெரும்பாலும் வருவதில்லை.

எதை வாங்கினாலும், டெலிவரி ஆள் கிளம்பும் முன் பெட்டியைப் பிரித்து, முன்பு சொன்ன அதே நான்கு படங்களை (வெள்ளை, கறுப்பு, சாம்பல், கட்டம்) ஓட்டிப் பாருங்கள். உடைந்த பேனலையும் செத்த புள்ளியையும் அன்றே போட்டோ எடுத்து கடைக்கு அனுப்பினால் மாற்றித் தருவதில் வாக்குவாதம் குறையும். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் வையுங்கள். சர்வீஸுக்கு 85 அங்குலத்தை அது இல்லாமல் வண்டியில் ஏற்றினால் திரும்பி வரும்போது பேனல் உடைந்துதான் வரும்.